தட்டைப் பாதமும் ஓட்டச் சப்பாத்தும்

விடிவதற்கு முன் பிரட்டுக் கலைந்து, தலைவிளக்கோடு நிரைக்குள் இறங்கும் பால்மரத் தொழிலாளி, அன்றைய வெட்டு முடிவதற்குள் ஏறக்குறைய ஐந்நூறு மரங்களைச் சுற்றி வருகிறார். பால் எடுக்கும் நேரத்தில் வாளியுடன் அதே மரங்களை மறுபடியும் சுற்றுகிறார். மேடும் பள்ளமும், வேரும் சேறும் நிறைந்த அந்நிலத்தில் அவரைத் தாங்கிச் செல்லும் பாதங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. உளி மழுங்கினால் உடனே தீட்டுகிறோம். கால் நோவெடுத்தால் தைலத்தைத் தடவிக்கொண்டு மறுநாளும் பிரட்டுக்குப் போகிறோம்.

இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பள்ளித் திடலிலும் மாவட்டப் போட்டிகளிலும் ஓடுகின்றனர். ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வேளைகளில் ஓட்டப் பயிற்சி செய்யும் இளைஞர்களும் உளர். இவர்களுக்குக் காலணி வாங்கப் போகும்போது கடையில் சொல்லப்படும் ஒரு வார்த்தை பெற்றோரைக் கலங்கச் செய்கிறது. "உங்கள் பிள்ளைக்குத் தட்டைப் பாதம்" என்பதே அவ்வார்த்தை. தட்டைப் பாதம் என்பது நோயா, ஊனமா, அதற்கென்று விலையுயர்ந்த சப்பாத்து கட்டாயம் வேண்டுமா என்பவற்றை இவண் ஆராய்வோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த தந்தையாருடனும் அவருடைய மகனுடனும் நாம் சிங்கப்பூர் சென்றிருந்தோம். தந்தையார் முப்பது ஆண்டுகளாகப் பால்மரம் வெட்டுபவர். மகன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார், வயது இருபத்திரண்டு. பத்துக் கிலோமீட்டர் ஓட்டப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தார். 170 ஆம் எண் பேருந்து புக்கித் தீமா சாலை வழியாக நம்மைக் கொண்டு வந்து சேர்த்தது. தேக்காச் சந்தையைத் தாண்டிச் சிராங்கூன் சாலைக்குள் நுழைந்தபோது, ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய கூட்டம் ஐந்தடிப் பாதைகளில் நிரம்பி வழிந்தது.

அவ்வட்டாரத்தில் நாம் முதலில் நுழைந்த கடையின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. விற்பனையாளர் மரியாதையானவரே. மகனின் பாதங்களை ஈரத்துணியால் நனைத்து, ஒரு பழுப்புத் தாளின் மீது நிற்கச் சொன்னார். தாளில் பாதத்தின் முழு வடிவமும் பதிந்தது. உட்புறத்தில் இருக்க வேண்டிய வளைவைக் காணோம். "தம்பி, இது தட்டைப் பாதம். சாதாரணச் சப்பாத்தில் ஓடினால் முழங்கால் கெட்டுவிடும்" என்று கூறி, மேல் தட்டிலிருந்து ஒரு சோடியை எடுத்து வைத்தார். விலை 230 சிங்கப்பூர் வெள்ளி.

1973 வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாக மாறின. அந்தக் காலம் போய்விட்டது. இன்றைய மாற்று விகிதத்தில் அந்தச் சப்பாத்தின் விலை எழுநூறு ரிங்கிட்டுக்கு மேல். மலேசியாவில் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 1,700 ரிங்கிட். தந்தையார் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையில் கைவிட்டார். "பரவாயில்லை ஐயா, கால் போனால் வருமா?" என்றார். நாம் அவர் கையைப் பிடித்துச் சற்றுப் பொறுக்கச் சொன்னோம்.

பாத வளைவு என்பது என்ன?

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவை ஒரு சிறு பாலத்தைப் போல வளைந்து அமைந்து, இணைநார்களாலும் தசைகளாலும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை பாதத்தின் கீழே ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லின் இரு முனைகளையும் நாண் இழுத்துப் பிடிப்பது போல, இப்பட்டை வளைவைப் பிடித்து நிறுத்துகிறது. நாம் அடியெடுத்து வைக்கும்போது வளைவு சிறிது தாழ்ந்து அதிர்ச்சியை ஏற்கிறது; விரல்களை ஊன்றி உந்தும்போது மீண்டும் உயர்ந்து விறைப்படைகிறது.

சிலருக்கு நிற்கும்போது இவ்வளைவு தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. இதையே தட்டைப் பாதம் என்கிறோம். பிறப்பிலேயே இணைநார்கள் தளர்வாக இருத்தல், குடும்ப வழி, உடற்பருமன் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். கைக்குழந்தைகள் அனைவருக்குமே பாதம் தட்டைதான். குழந்தை வளர வளர, பெரும்பாலோருக்குப் பத்து வயதுக்குள் வளைவு தானே உருவாகிறது. ஆதலின் மூன்று வயதுப் பிள்ளையின் ஈரக்காலடி லயத்தின் சிமெண்டுத் தரையில் முழுமையாகப் பதிவதைக் கண்டு தாய்மார்கள் அஞ்ச வேண்டியதில்லை. "திருத்தும் சப்பாத்து" என்று விற்கப்படுவனவற்றை வாங்கவும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் சிறுவர்களுக்கு அத்தகைய சப்பாத்துகளையும் உள்தாங்கிகளையும் மூன்று ஆண்டுகள் அணிவித்துச் செய்த ஆய்வொன்று 1989 இல் வெளிவந்தது. அவற்றை அணிந்த பிள்ளைகளுக்கும் அணியாத பிள்ளைகளுக்கும் வளைவு வளர்ந்த அளவில் வேறுபாடு காணப்படவில்லை.

நம்மவர்க்கு மேலும் அணுக்கமான ஓர் ஆய்வும் உண்டு. கர்நாடகத்தின் மணிப்பால் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், பெஞ்சமின் ஜோசப் என்னும் இரு மருத்துவர்கள், நான்கு முதல் பதின்மூன்று வயது வரையிலான 2,300 பிள்ளைகளின் காலடிகளைத் தாளில் பதித்து ஆராய்ந்தனர். அதன் முடிவு 1992 இல் வெளிவந்தது. காலணி அணிந்து வளர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 2.8 பேருக்கே இருந்தது. விரல்களை மூடிய சப்பாத்து அணிந்தவர்களிடம் அது மிகுதியாகவும், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. பிள்ளை வெறுங்காலோடு ஓடியாடி வளர்ந்தான் என்பதற்காக எந்தத் தாயும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆயினும் கொக்கிப்புழு முதலிய தொல்லைகள் சேற்று நிலத்தில் உண்டு என்பதால், வெறுங்கால் விளையாட்டு தூய்மையான திடலோடும் வீட்டுத் தரையோடும் நிற்பதே நன்று.

ஐந்தடிப் பாதையில் ஒரு சோதனை

மீண்டும் நம் கதைக்கு வருவோம். கடையை விட்டு வெளியே வந்து, ஐந்தடிப் பாதையின் தூண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மகனை வெறுங்காலோடு நிற்கச் சொன்னோம். வளைவு தரையோடு படிந்திருந்தது. அடுத்து, குதிகால்களை உயர்த்தி விரல்களின் மீது நிற்கச் சொன்னோம். அப்போது அவருடைய இரு பாதங்களிலும் வளைவு தெளிவாக எழும்பி நின்றது. குதிகால்கள் இரண்டும் உள்நோக்கிச் சற்றுத் திரும்பின. பின்னர் ஒற்றைக் காலில் அதையே பத்து முறை செய்யச் சொன்னோம்; இரு கால்களிலும் தடையின்றிச் செய்தார். நோவு உண்டா என்று வினவியபோது, "ஒருபோதும் இல்லை" என்றார். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தனர் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நிற்கும்போது மறைந்து, விரல்மீது எழும்பும்போது தோன்றும் வளைவை மருத்துவர்கள் நெகிழ்வான தட்டைப் பாதம் என்பர். நோவில்லாத நெகிழ்வான தட்டைப் பாதம் நோயன்று. உயரமும் நிறமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவது போன்ற ஓர் உடலமைப்பே அது. விரல்மீது எழும்பினாலும் வளைவு தோன்றாத விறைத்த பாதம், நோவு தரும் பாதம், ஒரு காலில் மட்டும் புதிதாகத் தட்டையான பாதம் ஆகியவையே மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியவை.

தட்டைப் பாதம் உடையோர் படைப்பணிக்கு ஆகார் என்று நம் தோட்டங்களில் காலங்காலமாகச் சொல்லி வருகின்றனர். அந்தப் பேச்சால் விண்ணப்பமே செய்யாமல் இருந்துவிட்ட இளைஞர்களை நாம் அறிவோம். இந்தியாவின் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு அறிவிப்போடு வெளியிடப்பட்டுள்ள மருத்துவ விதிகளைப் பாருங்கள். விரல்மீது நிற்கும்போது வளைவு மீண்டும் தோன்றி, விரல்களால் குதித்து ஓட முடிந்து, பாதம் நெகிழ்வாகவும் நோவின்றியும் இருந்தால் அவரை ஏற்கலாம் என்றே அவை கூறுகின்றன. நாட்டுக்கு நாடு விதி மாறும். முடிவு செய்வது அந்தந்த மருத்துவக் குழுவே. ஆனால் ஈரத்தாளில் விழுந்த ஒரு பதிவைக் கொண்டு தன்னைத் தானே தள்ளிக்கொள்வது அறிவுடைமையாகாது.

ஈரக்காலடி எவ்வளவு உண்மை சொல்லும்?

கால் தட்டையாக இருந்தால் உட்புறம் கடினமாக்கப்பட்ட தாங்கும் சப்பாத்து, வளைவு உயர்ந்திருந்தால் மெத்தையான சப்பாத்து என்று சொல்லி விற்பது 1980களிலிருந்து உலகெங்கும் வழக்கமாயிற்று. கடைத் தட்டுகளில் ஸ்டெபிலிட்டி, மோஷன் கண்ட்ரோல், நியூட்ரல் என்று எழுதியிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். கால் உட்புறமாகச் சரிவதைத் தடுப்பன முதலிரண்டும். எதையும் தடுக்காமல் இயல்பாக விடுவது மூன்றாவது.

இம்முறையை அமெரிக்கத் தரைப்படை, வான்படை, கடற்படை வீரர் பிரிவு ஆகிய மூன்றும் தம் புதிய வீரர்களிடம் சோதித்துப் பார்த்து, 2009, 2010 ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டன. ஆயிரக்கணக்கான வீரர்களுள் ஒரு பகுதியினருக்குப் பாத வடிவத்தைப் பார்த்துச் சப்பாத்து கொடுக்கப்பட்டது. மற்றொரு பகுதியினருக்குப் பாதம் எவ்வாறு இருந்தாலும் ஒரே வகைச் சப்பாத்து கொடுக்கப்பட்டது. பயிற்சிக் காலத்தில் காயமடைந்தோர் எண்ணிக்கையில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரர்களுக்கு ஒரே வகையான நியூட்ரல் சப்பாத்தைக் கொடுத்து ஓராண்டு கவனித்தனர். 2014 இல் வெளியான அவ்வாய்வின்படி, கால் உட்புறம் சரிபவர்கள் மற்றவர்களைவிட மிகுதியாகக் காயமடையவில்லை.

அவ்வாறாயின் தாங்கும் சப்பாத்து வெறும் ஏமாற்றா? அப்படியும் சொல்ல இயலாது. லக்சம்பர்க் நாட்டில் 372 ஓட்டக்காரர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2016 இல் வெளிவந்தது. யாருக்கு எந்த வகைச் சப்பாத்து என்று அவர்களுக்கே தெரியாதபடி கொடுத்து ஆறு மாதம் பார்த்ததில், தாங்கும் சப்பாத்து அணிந்தவர்களுக்குக் காயங்கள் குறைந்திருந்தன. சிறப்பாக, கால் உட்புறம் சரிபவர்களுக்கு அது பயன்பட்டது. ஆகவே கால் மிகுதியாகச் சரிபவர் தாங்கும் சப்பாத்து ஒன்றைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அது காலுக்கு இதமாக இருந்தால் வாங்கலாம். வளைவின் கீழ் கட்டி போல உறுத்தினால், எவ்வளவு புகழ்பெற்ற பெயராயினும் தட்டில் திருப்பி வைத்துவிட வேண்டும். அணிந்து ஓடும்போது தன் காலே தரும் சான்று, தாளில் பதியும் ஈரத்தைவிட நம்பத்தக்கது என்பதே எம் கருத்து.

கடையில் செய்ய வேண்டியவை

சப்பாத்து வாங்க மாலையில் போவது நல்லது. நாள் முழுதும் நடந்தபின் பாதம் சிறிது வீங்கி விரிந்திருக்கும். ஓடும்போதும் அவ்வாறே விரியும். ஓடுவதற்கு அணியும் காலுறையையே உடன் எடுத்துச் செல்ல வேண்டும். இரு பாதங்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. நின்ற நிலையில் இரண்டையும் அளக்கச் சொல்லி, பெரிய பாதத்துக்கு ஏற்றதை வாங்குதல் வேண்டும். பெருவிரலின் முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லையேல் இறக்கத்தில் ஓடும்போது நகம் கறுத்துவிடும்.

தட்டைப் பாதம் உடையவர்க்கு நீளத்தினும் அகலமே பெரிய சிக்கல். வளைவு தாழும்போது பாதம் நீண்டு அகலுகிறது. சாதாரண அகலத்தில் சுண்டுவிரலும் பாதத்தின் நடுப்பகுதியும் நெருக்குண்ணும். இதற்காகவே சில நிறுவனங்கள் ஒரே அளவில் பல அகலங்களைச் செய்கின்றன. பெட்டியின் மீது டூ-ஈ, ஃபோர்-ஈ என்னும் குறிகள் இருந்தால் அவை ஆண்களுக்கான அகல வகைகள். கேட்டால்தான் உள்ளிருந்து எடுத்து வருவார்கள். நாம் கேட்காமல் எவரும் சொல்வதில்லை. அகலம் போதுமா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. உள்ளேயிருக்கும் மெத்தையட்டையை உருவித் தரையில் வைத்து அதன்மீது நின்று பாருங்கள். பாதம் அட்டையின் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்தச் சப்பாத்து உமக்குரியதன்று.

சப்பாத்தையும் கையில் எடுத்துச் சோதிக்க வேண்டும். குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரை விரல்களால் அழுத்தினால் அது எளிதில் மடியலாகாது. முனையையும் குதியையும் பிடித்து வளைத்தால், விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் தாள்போல் மடிந்தால் தள்ளிவிடலாம். ஈரத்துணி பிழிவது போல முறுக்கினால் ஓரளவேனும் எதிர்ப்புக் காட்ட வேண்டும். மேசை மீது வைத்துப் பின்னிருந்து பார்த்தால் நேராக நிற்க வேண்டும்.

மலிவு விற்பனைப் பெட்டிகளில் கிடக்கும் பழைய இருப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாலியூரித்தேன் என்னும் பொருளால் செய்த இடைமெத்தை, நம் நாட்டுப் புழுக்கத்தில் ஈரத்தை உறிஞ்சி ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே சிதைகிறது. அணியாமல் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாலும் சிதையும். விழாவுக்கென்று வைத்திருந்த சப்பாத்தை எடுத்து அணிந்து, பாதி வழியில் அடி கழன்று விழ வெறுங்காலோடு வீடு திரும்பியவர் நம்முள் பலர். வாங்குமுன் இடைமெத்தையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மாவுபோல் உதிர்ந்தாலும், வெடிப்புத் தெரிந்தாலும் வேண்டா.

எல்லாம் பார்த்தபின் ஓடிப் பார்ப்பதே முடிவான சோதனை. நடந்து பார்த்தல் போதாது. நாம் நுழைந்த இரண்டாவது கடையில் வெளியே ஓடிப் பார்க்க இசைந்தனர். மகன் மூன்று வகைகளை அணிந்து சந்துக்குள் ஓடினார். முதலாவது தாங்கும் சப்பாத்து; அது வளைவில் உறுத்தியது. இரண்டாவதில் குதிகால் நழுவியது. மூன்றாவது அகல வகையைச் சேர்ந்த சாதாரண நியூட்ரல் சப்பாத்து. "கால்ல ஒன்றும் இருக்கிற மாதிரியே தெரியவில்லை" என்றார். அதைத்தான் நாம் கேட்கக் காத்திருந்தோம். அதன் விலை முதற்கடையில் சொன்னதில் பாதிக்கும் குறைவு.

லிட்டில் இந்தியாவில் நிறைவு கிடைக்காதவர்கள், விளையாட்டுப் பொருள் கடைகள் நிறைந்த குவீன்ஸ்வே வணிக வளாகத்துக்குச் செல்வதுண்டு. அங்கே விலை பேசி வாங்கலாம். அளவையும் வகையையும் சிங்கப்பூரில் அறிந்துகொண்டு, ஜொகூர் பாருவில் ரிங்கிட் விலையில் வாங்குவோரும் உளர். விலையை ஒப்பிட்டுப் பார்த்தபின் எங்கு வாங்கினாலும் குற்றமில்லை.

ஃபேரர் பார்க் திடல்

சிராங்கூன் சாலையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஃபேரர் பார்க் வரும். முற்காலத்தில் அங்குக் குதிரைப் பந்தயம் நடந்தது; ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் அதன் நினைவே. 1933 இல் பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறியது. பின்னர் அத்திடலில் மனிதர்கள் ஓடினர். அங்குப் பயிற்சி பெற்றவர்களுள் ஒருவர் சி. குணாளன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். அந்தச் சிங்கப்பூர்ச் சாதனை 33 ஆண்டுகள் நின்றது. 2001 இல் யு. கே. ஷியாம் 10.37 வினாடியில் ஓடி அதை முறியடித்தார். குணாளன் ஓடிய நாளில் இன்று தட்டுகளில் நிறைந்திருக்கும் வகைகளும் பெயர்களும் இல்லை. இதைக் கேட்டு, ஏதோ கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடினால் போதும் என்று மகன் முடிவு கட்டிவிடக் கூடாதே என்று நாம் சற்று அஞ்சினோம்.

இவ்விடத்தில் நம் தோட்டத்துச் சப்பாத்தையும் மறக்கலாகாது. பால்மரத் தொழிலாளர்கள் அணியும் ஒரே வார்ப்பிலான கறுப்பு ரப்பர் சப்பாத்தை மலேசியாவில் வேடிக்கையாக 'அடிடாஸ் கம்போங்' என்று அழைக்கின்றனர். சேற்றில் வழுக்காது, கழுவிக் கவிழ்த்தால் காய்ந்துவிடும், விலையும் மிகக் குறைவு. காட்டுப் பாதைகளில் ஓடும் போட்டியாளர் சிலர் அதையே விரும்பி அணிகின்றனர். ஆனால் இடைமெத்தை இல்லாத காரணத்தால் தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓட அது ஏற்றதன்று. 1877 இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளின் வழிவந்த மரங்களே இன்று நாம் வெட்டுபவை. அவற்றின் பால், சேற்றுச் சப்பாத்து முதல் ஓட்டச் சப்பாத்தின் அடிவரை உலகோர் கால்களில் போய்ச் சேர்கிறது. அப்பாலை வடித்தவர் தம் காலுக்கு எது தகும் என்று அறியாமல் கடையில் தயங்கி நிற்பது நமக்கு வருத்தமளிக்கிறது.

வாங்கிய பின்

புதிய சப்பாத்தோடு முதல் நாளே பத்துக் கிலோமீட்டர் ஓடலாகாது. இரண்டு மூன்று வாரம் சிறு தூரங்களுக்கு அணிந்து பழக வேண்டும். ஓடும் தூரத்தையும் மெல்ல மெல்லவே கூட்ட வேண்டும். ஓட்டக்காரர்களின் காயங்களுள் பெரும்பாலானவை அவசரத்தால் வருவன. பாதத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. விரல்களை மடக்காமல் வளைவை மட்டும் உயர்த்திப் பிடித்தல், துணியை விரல்களால் சுருட்டி இழுத்தல், படிக்கட்டின் ஓரத்தில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல் ஆகியவற்றுக்குக் காசு செலவில்லை. பிரேசிலில் 118 ஓட்டக்காரர்களிடம் நடத்தி 2020 இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பயிற்சி செய்யாதவர்கள் செய்தவர்களைவிட இருமடங்குக்கு மேல் காயமடைந்தது தெரிய வந்தது.

நனைந்த சப்பாத்தை வெயிலிலும் அடுப்பருகிலும் காய வைத்தால் பசை விட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைக்க வேண்டும். புகைக்கூண்டில் தொங்க விட்ட ஒருவரை நாம் அறிவோம். சப்பாத்து புகையிட்ட ரப்பர்த் தாளைப் போலவே மணந்தது. ஐந்நூறு முதல் எண்ணூறு கிலோமீட்டர் ஓடிய பின், அல்லது மேசையில் வைத்தால் ஒருபுறம் சாய்ந்து நிற்கும் நிலை வந்தபின், மாற்றிவிடுவது நல்லது. நீரிழிவு உடையவர்கள் சப்பாத்தை அணியுமுன் ஒவ்வொரு முறையும் கைவிட்டுக் கல், ஆணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்களுக்கு மரத்துப்போன பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது.

அன்று மாலை தேக்காவில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது தந்தையார் தம் இடக்காலை மேசைக்கடியில் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டோம். "ஒன்றுமில்லை ஐயா, ஒரு வருசமாகக் கணுக்கால் உட்பக்கம் வீங்குகிறது. வயது ஆயிற்று" என்றார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தோம். வலப்பாதத்தில் வளைவு இருந்தது. இடப்பாதம் முற்றும் தரையோடு படிந்து, பின்னிருந்து பார்த்தால் விரல்கள் வெளிப்புறமாகத் தெரிந்தன. ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தச் சொன்னோம். வலக்காலில் உயர்த்தினார். இடக்காலில் எவ்வளவு முயன்றும் குதிகால் தரையை விட்டு எழவில்லை.

கணுக்காலின் உட்புறமாக வந்து வளைவைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு தசைநாண் உண்டு. நடுவயதில் அது நைந்து தளரும்போதுதான் இத்தகைய பாதம் உண்டாகிறது. தொடக்கத்தில் கண்டால் ஓய்வு, கட்டு, உள்தாங்கி, பயிற்சி ஆகியவற்றால் தடுத்து நிறுத்தலாம். விட்டுவிட்டால் மூட்டுகள் விறைத்து அறுவைச் சிகிச்சை வரை போகும். நீரிழிவு உள்ளவர்க்குக் கால் திடீரெனச் சூடாகிச் சிவந்து வீங்கினால் அது இதனினும் அவசரமானது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சிங்கப்பூரில் வாழ்வோர்க்கு டான் டோக் செங் மருத்துவமனையிலும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் பாத மருத்துவப் பிரிவுகள் உள்ளன. மலேசியாவில் வாழ்வோர் முதலில் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் சென்றால், குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். தேவையாயின் அவர்களே நிபுணரிடம் அனுப்புவர்.

முழங்கால் கெட்டுவிடும் என்று அஞ்சப்பட்ட மகனுக்கு ஒன்றுமில்லை. எழுநூறு ரிங்கிட்டை எடுத்துக் கொடுக்கத் துணிந்த தந்தைக்கே மருத்துவம் வேண்டியிருந்தது. மறுவாரமே மகன் விடுப்பு எடுத்து அவரை அழைத்துச் சென்றார். ஆறு வாரம் காலில் கட்டோடு இருந்து, இப்போது உள்தாங்கி வைத்த சப்பாத்து அணிந்து வருகிறார். தோட்ட நிர்வாகம் அவரை வெட்டிலிருந்து நாற்றுப் பண்ணைக்கு மாற்றியிருக்கிறது. இடக்காலின் குதி இன்னும் முழுமையாக உயரவில்லை; வாரம் இருமுறை பயிற்சிக்குப் போய் வருகிறார்.